முப்பது மீட்டர் தாழ்வாரம்

என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று மில்களின் ஷிப்ட் நேரத்தை வைத்துத்தான் பாதி ஊர் உலை வைத்தது, மீதி ஊர் தூங்கியது. ஷிப்ட் விட்டுச் சைக்கிளில் வருகிறவர்களின் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நரையா பஞ்சா என்று தூரத்திலிருந்து தெரியாது. வெளியே ஒட்டியது ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். உள்ளே போனது அப்படிப் போகவில்லை. 2020 ஏப்ரலோடு ஏ.எஃப்.டி. மூடப்பட்டது, மற்ற இரண்டும் அடங்கிவிட்டன. ஆனாலும் மார்பு நோய்க்காகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் மில் ஓய்வூதியக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சவுக்கு மிளாறும் விறகும் எரித்து முப்பது நாற்பது வருடம் சமைத்த கிராமத்துப் பெண்கள். காசநோய்க்கு மருந்து முடித்து, சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுக்கப்பட்டு, ஆனால் மாடிப்படி ஏற முடியாதவர்கள். பீடியை விட்டவர்கள், விடாதவர்கள். இந்தியாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்கிறவர்கள் 1990-ல் சுமார் 2.8 கோடிப் பேர், 2016-ல் சுமார் 5.5 கோடிப் பேர் என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கோடிகளின் ஒரு சிறு கீற்றுதான் இந்த வரிசை.

அந்த வரிசையின் ஓரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு மிச்சமிருக்கும் நினைவு, முகங்களைவிட அவர்கள் பேசிய அளவுகள். நோய்க்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: வீசிங். ஆஸ்துமாவும் வீசிங், பஞ்சுத் தூசியில் வருவதும் வீசிங், காசநோய் விட்டுப்போன வடுவும் வீசிங். ஆனால் எவ்வளவு என்று கேட்டால் பதில் வகைவகையாக வரும், எல்லாம் தூரத்தில் வரும். முன்னே பெரிய மார்க்கெட் போய்ப் பையோடு திரும்புவேன், இப்போது தெருமுனை. பஸ் ஸ்டாப்புக்கு நடுவில் இரண்டு இடத்தில் நின்றாக வேண்டும். குளிக்கத் தண்ணீர் தூக்க முடியவில்லை. லிட்டரில் பேசியவர் ஒருவரும் கிடையாது. எங்கள் கோப்புகளோ லிட்டரில்தான் பேசின: முதல் நொடியில் எத்தனை லிட்டர் ஊதினார், மொத்தம் எத்தனை லிட்டர், இரண்டுக்கும் விகிதம் என்ன. நோயாளி மீட்டரில் சொன்ன வருத்தத்தை நாங்கள் லிட்டரில் எழுதிக்கொண்டோம். மீட்டரில் சொன்னதை மீட்டரிலேயே எழுத ஒரு சோதனை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் ஊதும் கருவிக்குச் சமமான இடம் அதற்கு உண்டு, சில கேள்விகளுக்கு அதைவிட மேலான இடம் உண்டு என்பது இத்தனை வருடத்தில் எனக்குப் படிந்த முடிவு. அந்த முடிவை இங்கே வாதாடிப் பார்க்கிறேன்.

ஊதுகிற டெஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் ஸ்பைரோமீட்டர் சாதாரணக் கருவி அல்ல, அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-ல் அதை வெளியிட்டபோது இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்து அளந்திருந்தார். மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு அதற்கு ஈடான விடை இன்றும் வேறில்லை. நடைச் சோதனையின் பூர்வீகம் இவ்வளவு கௌரவமானதல்ல. அமெரிக்க விமானப்படை வீரர்களின் உடல் தகுதியைப் பார்க்க 12 நிமிடம் ஓடச் சொல்லி, ஓடிய தூரத்தை அளந்து கென்னத் கூப்பர் 1968-ல் எழுதினார். எடின்பரோவில் மெக்கெவின், குப்தா, மெக்ஹார்டி என்ற மூவர் 1976-ல் அதே 12 நிமிடத்தை நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ஓட்டம் நடையாயிற்று, மைதானம் மருத்துவமனைத் தாழ்வாரமாயிற்று. நோயாளிக்கு 12 நிமிடம் என்பது பெரும்பாடு, அளக்கிறவருக்கும்தான். 1982-ல் பட்லண்டும் கூட்டாளிகளும் 2, 6, 12 நிமிட நடைகளை ஒப்பிட்டு, மூன்றும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன, ஆறு நடுவாந்திரமாக இருக்கிறது என்றார்கள். இப்படி ஒரு சமரசத்தில் பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க நடக்கும் ஆறு நிமிட நடை. உடலியலில் ஆறாம் நிமிடத்துக்கு எந்த மந்திரமும் இல்லை.

எடின்பரோ கட்டுரையிலிருந்தே ஒரு சங்கடமான விஷயம் தெரிந்திருந்தது. முதல் நொடியில் ஊதும் காற்றுக்கும் நடக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு பலவீனமானது. ஒரே அளவு ஊதுகிற இருவரில் ஒருவர் 450 மீட்டர் நடப்பார், மற்றவர் 200-ல் சுவரைப் பிடிப்பார். இதைச் சோதனையின் குறை என்று எண்ணியவர்கள் உண்டு. எனக்கு இதுதான் சோதனையின் உயிர். உட்கார்ந்து ஒரு தடவை ஊதுவதற்கும் நடந்துகொண்டே மூச்சு விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குழாய் அடைத்தவருக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு நேரம் அதிகம் தேவை. சும்மா இருக்கும்போது அந்த நேரம் கிடைக்கிறது. நடக்க ஆரம்பித்ததும் மூச்சு வேகமாகிறது, விடும் நேரம் சுருங்குகிறது, பழைய காற்று முழுதாகப் போவதற்குள் புதியது வந்துவிடுகிறது. சுற்றுக்குச் சுற்று நெஞ்சுக்குள் காற்று தேங்கி, விலாக்கூடு விரிந்தபடியே நின்றுவிடும். அதற்கு மேல் இழுக்க இடமில்லை. இழுக்க முடியாமல் தவிக்கிறவர் உண்மையில் விட முடியாமல் தவிக்கிறார். இது போதாதென்று, மூச்சு வாங்குமே என்ற பயத்தில் வருடக்கணக்காக நடக்காமல் இருந்ததில் தொடைத் தசை வற்றியிருக்கும். வற்றிய தசை சீக்கிரம் களைத்து, இன்னும் அதிக மூச்சைக் கேட்கும். சிலருக்கு இதயமும் கூட்டுச் சேரும். நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய்களில் கதை வேறு: நாற்காலியில் 96 காட்டும் ஆக்சிஜன் மூன்றாம் நிமிடத்தில் 84-க்கு இறங்கும், எழுந்து நடக்காவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. ஊதும் சோதனை ஒரு உறுப்பிடம் கேட்கிறது. நடைச் சோதனை அந்த ஆளிடம் கேட்கிறது. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆயுளைப் பற்றிய சான்றும் இந்தப் பக்கமே சாய்ந்தது. 2004-ல் பார்த்தலோமே செல்லியும் கூட்டாளிகளும் போட் என்ற குறியீட்டை வெளியிட்டார்கள். உடல் எடைக் குறியீடு, ஊதும் அளவு, மூச்சிரைப்பின் படி, ஆறு நிமிடத் தூரம் என்ற நான்கையும் சேர்த்துப் பத்துக்கு மதிப்பெண். 350 மீட்டரும் அதற்கு மேலும் நடந்தால் சுழி. 149-ம் அதற்குக் கீழும் என்றால் மூன்று. யார் எத்தனை காலம் இருப்பார் என்பதை ஊதும் அளவு தனியாகச் சொன்னதைவிட இந்தக் கூட்டணி நன்றாகச் சொன்னது. ஒரு இடைக்குறிப்பு: அதில் எடைக் குறியீடு 21-ம் அதற்குக் கீழும் இருந்தால் ஒரு மதிப்பெண் ஏறும். வாழ்நாள் முழுக்க ஒல்லியாகவே இருந்த நம் ஊர்ப் பாட்டிகள் பலருக்கு நோய் வருமுன்பே அந்த ஒன்று ஏறியிருக்கும். வெளிநாட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், கை நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடக்கச் சொல்வதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது, யாரும் சொல்லலாமே என்பது முதல் ஆட்சேபம். அதில்தான் ஏமாற்றமே இருக்கிறது. அமெரிக்க மார்பியல் சங்கம் 2002-ல் வகுத்த முறையையும், ஐரோப்பியச் சங்கத்தோடு சேர்ந்து 2014-ல் வெளியிட்ட தொழில்நுட்ப விதிகளையும் படித்தால், இந்த எளிய சோதனையைச் சுற்றி எத்தனை வேலி என்று தெரியும். தாழ்வாரம் தட்டையாக, நேராக, 30 மீட்டர் இருக்க வேண்டும். இரு முனையிலும் கூம்பு. மூன்று மீட்டருக்கு ஒரு குறி. ஓடக்கூடாது, நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் நிற்காது. அளக்கிறவர் கூடவே நடக்கக்கூடாது, ஏனென்றால் கூட வருகிறவரின் நடைக்கு நோயாளி இழுபடுவார். எல்லாவற்றையும்விட நம்மவர்களுக்குக் கடினமான விதி வாயைப் பற்றியது. நிமிடத்துக்கு ஒரு முறை, வரையறுத்த வாக்கியத்தை, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்ல வேண்டும்: நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. அடுத்தது நாலு நிமிஷம். அவ்வளவுதான். நம் வழக்கமோ, நடக்கிறவர் கொஞ்சம் தளர்ந்தால் போதும், வாங்க தாத்தா, அவ்வளவுதான், இதோ வந்துட்டோம் என்று தாழ்வாரமே சேர்ந்து பேசும். மகள் ஒரு முனையில், மருமகன் மறுமுனையில், நடுவில் கட்டுப் போட வந்தவர்கூட ஒரு வார்த்தை சொல்லுவார். அன்பைத் தடுப்பது எவ்வளவு அநியாயமாகப் படும் என்று எனக்குத் தெரியும்.

தடுக்கத்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் 1984-ல் கோர்டன் கயாட்டும் சகாக்களும் கனடாவில் செய்த சோதனை. நாள்பட்ட நுரையீரல் நோயும் இதய நோயும் உள்ளவர்களை ஆறு நிமிடம் நடக்க விட்டு, சிலருக்கு ஊக்க வார்த்தை சொல்லி, சிலருக்குச் சொல்லாமல் அளந்தார்கள். வெறும் ஊக்க வார்த்தைக்கே சுமார் 30 மீட்டர் கூடியது. இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். 2014 விதிகள் சொல்வதன்படி, ஒரு சிகிச்சையால் நோயாளிக்குப் பொருட்படுத்தத் தக்க நன்மை கிடைத்திருக்கிறது என்று கொள்ளக் குறைந்தபட்ச உயர்வு ஏறக்குறைய 30 மீட்டர். அதாவது, போன மாதம் மௌனமாக நடத்தி, இந்த மாதம் அன்பாக நடத்தினால், மாற்றிக் கொடுத்த இன்ஹேலர் வேலை செய்கிறது என்று தாளில் வந்துவிடும். மருந்துக்குக் கிடைக்க வேண்டிய புகழ் மருமகனுக்குப் போனாலும் பரவாயில்லை. மருமகனின் புகழ் மருந்துக்குப் போனால் அது மாதா மாதம் காசு. இதோடு பழக்கத்தின் பங்கும் உண்டு. ஒன்றும் செய்யாமல் இரண்டாம் தடவை நடக்க வைத்தாலே சராசரியாக 26 மீட்டர் கூடுகிறது. எப்படி நடந்தால் தாக்குப் பிடிக்கும் என்று ஆளுக்குப் புரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் முதல் முறை வந்தால் இரண்டு தடவை நடக்க வைத்து, நல்லதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் இரண்டாவது நடைக்கு யாருக்கு நேரம் என்பார்கள். நேரமில்லைதான். ஆனால் ஒரே ஒரு நடையை அளந்து, மூன்று மாதம் கழித்து இன்னொன்றை அளந்து, வித்தியாசத்தை மருந்தின் தலையில் ஏற்றுவதைவிட அளக்காமலே இருப்பது நேர்மை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. எத்தனை மீட்டர் நடந்தால் நலம் என்று எதை வைத்துச் சொல்வது? புகழ்பெற்ற சூத்திரம் ஒன்று, 1998-ல் என்ரைட்டும் ஷெரிலும் அரிசோனாவில் நலமாயிருந்த 117 ஆண்களையும் 173 பெண்களையும் நடக்க வைத்துப் பெற்றது. ஆணுக்கு, சென்டிமீட்டரில் உயரத்தை 7.57-ஆல் பெருக்கி, வயதை 5.02-ஆலும் கிலோவில் எடையை 1.76-ஆலும் பெருக்கிக் கழித்து, மேலும் 309 கழிக்க வேண்டும். 160 சென்டிமீட்டர், 55 கிலோ, 60 வயது என்று நம் தெருவில் எங்கும் காணக்கூடிய ஒருவரைப் போட்டுப் பார்த்தால் 504 மீட்டர் வருகிறது. இதோடு நிற்காமல் அதே கட்டுரை, 153 மீட்டர் வரை குறைந்தாலும் நலத்தின் எல்லைக்குள்தான் என்கிறது. அதாவது 351. தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் 500-லிருந்து 360-க்கு விழுந்திருக்கலாம், அட்டவணை அவரை நலம் என்று திருப்பி அனுப்பிவிடும். இந்தியர்களுக்கென்றே சூத்திரங்கள் வந்திருக்கின்றன, அது நல்லது. நம் உயரம் வேறு, காலடி வேறு. ஆனால் எந்த ஊர்ச் சூத்திரமானாலும் இந்த அகலமான வேலியைக் குறுக்க முடியாது, ஏனென்றால் நலமாக இருக்கிற மனிதர்களே ஒருவருக்கொருவர் அவ்வளவு மாறுபடுகிறார்கள். ஆகவே ஆட்சேபத்தை நான் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையோடு ஒப்பிடுவதற்கு இந்தச் சோதனை சுமார்தான். அதே ஆளோடு அதே ஆளை ஒப்பிடுவதற்கு அருமையானது. அப்படி ஒப்பிட வேண்டுமானால் அதே தாழ்வாரம், ஏறக்குறைய அதே நேரம், முதல் நாள் செருப்போடு நடந்தவர் மறுநாளும் செருப்போடு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவது நம் மரியாதை. அந்த மரியாதையையும் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முழங்கால் வலிக்கிறவரை என்ன செய்வது, அவர் குறைவாக நடந்தால் நுரையீரலின் குற்றமா என்று கேட்பார்கள். நியாயம்தான். அதற்குத்தான் நின்றதும் இரண்டு கேள்வி: மூச்சு எவ்வளவு வாங்கியது, கால் எவ்வளவு களைத்தது. சுவீடன் உளவியலாளர் கன்னர் போர்க் வகுத்த சுழியிலிருந்து பத்து வரையான அளவுகோலை அட்டையாகத் தொங்கவிட்டுக் கைகாட்டச் சொல்வது வழக்கம். இங்கே தமிழ் கொஞ்சம் விளையாடும். மூச்சு வாங்குகிறது, இளைக்கிறது, திணறுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்பவை நான்கும் நமக்கு ஒன்றல்ல. வாங்குவது வேலை செய்தால் யாருக்கும் வருவது. திணறுவதில் பயம் கலந்திருக்கிறது. இளைப்பு என்றால் சிலருக்கு வீசிங், சிலருக்கு வெறும் அசதி. அடைக்கிறது என்றால் அட்டையைக் கீழே வைத்துவிட்டு இதயத்தைக் கவனிக்க வேண்டும். அட்டையில் எந்தச் சொல்லை அச்சடித்தோமோ அதையே எப்போதும் வாயாலும் கேட்க வேண்டும். மொழிபெயர்த்து ஒட்டிய அட்டைகளில் ‘மிதமான’ என்ற சொல் எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. கொஞ்சம், நடுத்தரம், ரொம்ப, தாங்கவே முடியல என்று எழுதினால் கை தயங்காமல் போகிறது.

ஆபத்தில்லையா என்பதற்குப் பதில் சுருக்கமானது. டிரெட்மில் ஓடுகிற வேகத்துக்கு ஆள் ஓட வேண்டும். இங்கே வேகத்தை ஆளே வைத்துக்கொள்கிறார், நினைத்த இடத்தில் நிற்கிறார். ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவரையும், நெஞ்சுவலி அடங்காதவரையும் நடக்க வைக்கக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டினாலோ ரத்த அழுத்தம் 180-க்கு 100-ஐத் தாண்டினாலோ யோசிக்க வேண்டும். ஆக்சிஜன் 80-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். இந்தக் கடைசி எண்ணைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒரு உறுத்தல். ஜப்பானில் டாகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட கோட்பாட்டில் ஓடும் பல்ஸ் ஆக்சிமீட்டர், விரலில் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைப் படிக்கிறது. தோல் கறுத்திருந்தால் அந்தப் படிப்பில் பிழை கூடுகிறது, இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும். 2020-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, கருவிக்குத் தெரியாமல் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்றது. வெயிலில் வேலை செய்து கறுத்த விரலில், மருதாணி வைத்த விரலில், நடுங்கும் விரலில், 88 என்று காட்டுவது 88-தானா என்று சந்தேகப்படுவது நல்ல பழக்கம். கருவியின் எண்ணை மட்டும் பார்க்காமல் உதட்டையும் முகத்தையும் பார்க்கச் சொன்ன பழைய ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

இடம் இல்லை என்பது எல்லா ஊரிலும் கேட்கும் புகார், பொய்யும் இல்லை. முப்பது மீட்டர் நேர்த் தாழ்வாரம் என்று ஒன்று இருந்தால் அதில் ஸ்ட்ரெச்சர் நிற்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் சங்கிலியால் கட்டிக் கிடக்கும், சாப்பாட்டுத் தூக்கோடு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருக்கிற பத்து மீட்டரில் நடத்திவிட்டால் என்ன? 420 மீட்டர் நடக்கிறவர் முப்பது மீட்டர் தாழ்வாரத்தில் பதின்மூன்று முறை திரும்புவார், பத்து மீட்டரில் நாற்பத்தோரு முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் நடை தளர்ந்து மறுபடி எழ வேண்டும், தூரம் குறையும். குறைந்தால் போகட்டும், ஆனால் அதை ஆறு நிமிட நடை என்ற பெயரில் போட் குறியீட்டில் கொண்டுபோய்ப் போடக்கூடாது. பத்து மீட்டர்தான் உண்டு என்றால் அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டரில் சாலி சிங் 1992-ல் வெளியிட்ட ஷட்டில் நடை: ஒன்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு, திரும்பும் வளைவோடு சேர்த்துப் பத்து மீட்டர். கேசட்டிலிருந்து ‘பீப்’ ஒலி வரும். அடுத்த ஒலிக்குள் அடுத்த கூம்பை எட்ட வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் ஒலி நெருங்கும், வேகம் கூடும், பன்னிரண்டு படி. ஊக்கமும் உறவும் இதில் குறுக்கிட முடியாது, ஒலிதான் எசமான். எவ்வளவு தாங்குவார் என்பதன் உச்சியைக் காட்ட ஷட்டில் மேல். தினசரி வாழ்க்கையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு ஆறு நிமிடம் மேல். அதுவும் முடியாத சின்ன கிளினிக்கில் ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்து எண்ணலாம், நான்கு மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறார் என்று பார்க்கலாம். நாற்காலிச் சோதனை விஷயத்தில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. நம் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, தரையிலிருந்து எழுகிறவர்கள். 46 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து எழுவது அவர்கள் வீட்டுக் கஷ்டத்தில் பாதிகூட இல்லை.

மாடியில் விலையுயர்ந்த கருவி இருக்கும்போது கீழே ஏன் நடக்கிறீர்கள் என்பவர்களும் உண்டு. முகமூடி மாட்டி, சைக்கிளில் உட்கார வைத்து, மூச்சுக்கு மூச்சு வாயுவை அளக்கும் சோதனைதான் துல்லியத்தில் முதன்மை, சந்தேகமில்லை. எதனால் மூச்சு வாங்குகிறது என்று தெரியாத இடத்திலும், நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் முன்பும் அது வேண்டும். ஆனால் சைக்கிளுக்குப் பேர்போன இந்த ஊரிலும், பெடலில் கால் வைத்தே அறியாத அறுபது வயதுப் பெண்ணை முகமூடியோடு அதில் ஏற்றினால் வருகிற எண் அவர் நுரையீரலைச் சொல்லுமா, பயத்தைச் சொல்லுமா? நடக்கத் தெரியாதவர் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அளப்பதைப் பற்றி. ஏன் அளக்க வேண்டும் என்பதில்தான் என் வாதத்தின் கனமான பகுதி இருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டு: வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடை, கை கால் தசைக்குப் பயிற்சி, உதட்டைக் குவித்து மூச்சு விடக் கற்றுக்கொள்வது, பல வாரங்கள். 2015-ல் காக்ரேன் தொகுப்பு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள். முப்பதைத் தாண்டிய உயர்வு. அதே ஆட்களை ஊத வைத்தால் எண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் பயிற்சி குழாயைத் திறப்பதில்லை. தொடையைப் பலப்படுத்துகிறது, பயத்தைக் குறைக்கிறது, மூச்சைச் சிக்கனமாக்குகிறது. ஆகவே ஊதும் கருவியை மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பயிற்சி வீண் வேலையாகத்தான் தெரியும். மருந்துக்குப் பணம் ஒதுக்குவார்கள், பயிற்சிக்கு ஒரு ஆள் கேட்டால் ‘அதில் என்ன பலன்’ என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பலனைக் காட்டும் கருவி அவர்கள் மேசையில் இல்லை. எதை அளக்கிறோமோ அதற்குத்தான் சிகிச்சை கொடுக்கிறோம், அளக்காததை நோயாளியின் சோம்பல் என்று எழுதிவிடுகிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டுவிடும் கடற்கரைச் சாலை நம்மிடம் இருக்கிறது: தட்டை, நேர், உட்காரக் கைப்பிடிச் சுவர். இதைவிட மலிவான பயிற்சிக்கூடம் எந்த ஊருக்கு வாய்த்தது? அங்கே எவ்வளவு நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவருக்குச் சீட்டு எழுத வேண்டுமானால் லிட்டர் உதவாது. ஆறு நிமிடத்தில் அவர் நடந்த தூரத்திலிருந்துதான் அந்த வேகத்தை வகுக்க முடியும்.

மில் ஆட்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டது. ரிச்சர்ட் ஷில்லிங் 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைகளைப் பார்த்து வகுத்த படிகள் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகின்றன: ஞாயிறு ஓய்ந்து திங்கள் வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்குவது முதல் படி. ஆரம்பத்தில் செவ்வாய்க்குச் சரியாகிவிடும். பிறகு எல்லா நாளும் திங்களாகும். 1936 ஜூலை 30-ல் போராட்டத்தில் பன்னிரண்டு மில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. அந்தக் காலப் போராட்டங்கள் எட்டு மணி நேர வேலையைக் கேட்டன. கூலிக் கணக்கில் அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தூசிக் கணக்கில் பார்த்தால், குறைந்த ஒவ்வொரு மணியும் ஒரு நுரையீரலுக்குள் போகாத பஞ்சு. மில்லே இல்லாத இன்று, திங்கள் இறுக்கத்தைப் பரிசோதிக்க வழியில்லை. வேலைக்குப் போனால்தானே திங்கள் வரும். ஊதும் எண் குறைந்திருந்தால் பீடி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எதனால் வந்தது என்று நடைச் சோதனையும் சொல்லாது, அதை நான் மறைக்கவில்லை. எவ்வளவு பறித்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். இழப்பைப் பற்றிப் பேசும் எந்த மேசையிலும் இரண்டாவது கேள்வி ஒன்று உண்டல்லவா, அதற்கு.

ஆறாம் நிமிடம் முடிந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியமும் விதியில் இருக்கிறது: அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன். அவர் நாற்காலியைத் தேடி வரக்கூடாது; நாற்காலிதான் அவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் கூம்புகளுக்கு நடுவில் எங்கோ நிற்பார், ஒரு கை இடுப்பில், உதடு குவிந்திருக்கும், பேச வராது. நின்ற இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, முதலில் அட்டையைக் காட்டிக் கேட்டு, ஆக்சிஜனை எழுதி, அவர் மூச்சு சமனான பிறகுதான் அளவுநாடாவை எடுக்க வேண்டும். முழுச் சுற்றுகளை எண்ணி, கடைசிக் கூம்பிலிருந்து அந்த டேப் வரை எத்தனை மீட்டர் என்று பார்த்துக் கூட்ட வேண்டும். பதினொன்றா பன்னிரண்டா என்று சந்தேகம் வந்தால் மறுபடி குனிந்து பார்ப்பதுதான் வேலை.